கடைசி வேலைநாள் வரை செல்லும்

இருபத்திரண்டு வயதில் ஆஃபர் லெட்டர் வந்தால் கண் நேராகச் சம்பளத்துக்குத்தான் போகும். கைக்கு எவ்வளவு வரும், பி.எஃப். எவ்வளவு பிடிப்பார்கள், ஜாயினிங் போனஸ் உண்டா என்பதோடு கேள்விகள் முடிந்துவிடும். முப்பது தாண்டியபிறகு அதே கடிதத்தை வேறு மாதிரிப் படிக்கிறோம். ஹெச்.ஆரிடம் போனில் பேசும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "பேரன்ட்ஸுக்கு கவர் இருக்குங்களா? ஏற்கெனவே சுகர் இருந்தா முதல் நாள்லேர்ந்தே கவர் ஆகுமா?" என்று கேட்கிறோம். இந்தக் கேள்வி நமக்குள் எப்போது நுழைந்தது என்பதற்கு ஆளுக்கொரு வருடம் இருக்கிறது. ஒருவருக்கு அது அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த வருடம். இன்னொருவருக்கு அம்மாவின் கிரியாட்டினின் ஏற ஆரம்பித்த வருடம்.

நிறுவனங்களுக்கும் இது தெரியும். மனிதவளத் துறையின் பேச்சில் இதற்கு 'ரிட்டென்ஷன்' என்று பெயர். ஆட்களை ஈர்ப்பது ஒரு வேலை, வந்தவர்களைப் போகவிடாமல் வைத்திருப்பது இன்னொரு வேலை. குழு மருத்துவக் காப்பீடு இரண்டுக்கும் உதவும் என்பது அந்தத் துறையில் பாலபாடம். மதிய உணவு, கேப், ஜிம், காப்பீடு எல்லாம் ஒரே ஸ்லைடில் வரிசையாக இருக்கும். அந்த ஸ்லைடைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு கேள்விகள் வருகின்றன. நான் போகாமல் இருக்கவேண்டும் என்பதற்காக ஒருவர் என் அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறார். இதை அக்கறை என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால், பதிலுக்கு நான் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறேன்?

*

முதல் கேள்விக்குத் தத்துவத்தில் பழைய பதில் ஒன்று உண்டு. 1785இல் வெளியான தன் ஒழுக்கவியல் நூலில் இம்மானுவேல் கான்ட் ஒரு கடைக்காரரை உதாரணமாகச் சொல்கிறார். அவர் விவரமில்லாத வாடிக்கையாளரிடம் கூடுதல் விலை வாங்குவதில்லை. சின்னப் பிள்ளை வந்து கேட்டாலும் அதே விலைதான். நல்ல காரியம். ஆனால் அதை ஏன் செய்கிறார்? நேர்மையாக இருந்தால்தான் வியாபாரம் நிலைக்கும் என்ற கணக்கில் செய்கிறார் என்றால், அந்தச் செயல் கடமைக்கு ஒத்துப்போகிறதே தவிர கடமை உணர்விலிருந்து வரவில்லை, அதற்கு அறமதிப்பு கிடையாது என்பது கான்ட்டின் முடிவு. இந்த அளவுகோலை வைத்தால் காப்பீட்டு ஸ்லைடு உடனே தோற்றுவிடும். நோக்கத்தை அவர்களே தலைப்பில் எழுதியிருக்கிறார்களே.

எனக்கு இந்த அளவுகோல் போதவில்லை. நம் ஊர் பரோட்டாக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமலே இன்னொரு கரண்டி சால்னா ஊற்றுகிறார் அண்ணன். நாளைக்கும் நாம் வரவேண்டும் என்ற கணக்குதான். அது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதனால் சால்னாவின் ருசி குறைந்துவிடுவதில்லை. நாளைக்கே எதிர்க் கடைக்குப் போகவேண்டும் என்று தோன்றினால் போய்விடலாம். சாப்பிட்டது வயிற்றில் இருக்கும். அதை அவர் திரும்பக் கேட்கப் போவதில்லை.

நாடுகளின் வரலாற்றிலும் இதைப் பார்க்கலாம். நவீன சமூகக் காப்பீட்டின் தொடக்கம் என்று எல்லோரும் சுட்டுவது ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டத்தை. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1878இல், சோஷலிஸ்ட்டுகளை ஒடுக்கச் சட்டம் போட்டவரும் அவர்தான். ஒரு கையில் தடி, மறு கையில் மருந்து. தொழிலாளிகள் இடதுசாரிகள் பக்கம் சாயாமல் அரசோடு ஒட்டி இருக்கவேண்டும் என்ற நோக்கம் அவருக்கு இருந்தது. இன்றைய பாஷையில் சொன்னால் பிஸ்மார்க் செய்ததும் ரிட்டென்ஷன்தான். அந்த நோக்கம் காலாவதியாகி நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. காப்பீடு இன்றும் இருக்கிறது. காரணம், அது சட்டப்படியான உரிமையாக எழுதப்பட்டது. கொடுத்தவரின் மனது மாறினாலும் வாங்கியவரிடமிருந்து போகாத மாதிரி இருந்தது.

ஆகவே, கொடுத்தவர் மனதில் என்ன இருந்தது என்று தோண்டுவதைவிட, கொடுத்த பொருள் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

*

மருத்துவச் செலவை வேலையோடு சேர்த்து முடிச்சுப்போட வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. இந்த முடிச்சு மிக இறுக்கமாக இருக்கும் நாடான அமெரிக்காவில் அது விழுந்த விதமே இதற்குச் சாட்சி.

1929இல் டல்லஸ் நகரத்தின் பேய்லர் ஆஸ்பத்திரி, ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாதம் 50 சென்ட் கட்டினால் வருடத்துக்கு 21 நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகப் பணம் வரவேண்டும் என்ற கவலையில் பிறந்த ஏற்பாடு அது. பிறகு போர் வந்தது. விலைவாசியைக் கட்டுப்படுத்த 1942இல் சம்பளங்களுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். ஆட்களோ போர்முனையில், தொழிற்சாலைகளில் கடும் ஆள் பற்றாக்குறை. சம்பளத்தை ஏற்றி ஆள் பிடிக்க முடியாது. ஆனால் நியாயமான அளவில் தரும் காப்பீடும் ஓய்வூதியமும் சம்பளக் கணக்கில் சேராது என்று விலக்கு இருந்தது. அந்தச் சந்துக்குள் எல்லா முதலாளிகளும் நுழைந்தார்கள். 1954இல் வந்த வருமான வரிச் சட்டம், முதலாளி கட்டும் பிரீமியத்துக்குத் தொழிலாளி வரி கட்டவேண்டியதில்லை என்று உறுதிப்படுத்தியது. போர்க்காலத்து அவசர ஏற்பாடு ஒரு நாட்டின் மருத்துவ அமைப்பாகவே ஆகிப்போனது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும். ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி யாரோ போட்ட ஒரு தற்காலிக ஒட்டு, பத்து வருடம் கழித்து, அதை எடுத்தால் மொத்த சிஸ்டமும் விழுந்துவிடும் என்ற நிலையில் நிற்கும்.

அதன் விளைவை 1994இல் பிரிஜிட் மாட்ரியன் என்ற பொருளியலாளர் அளக்க முயன்றார். காப்பீடு போய்விடுமே என்ற காரணத்தால் வேலை மாறாமல் இருப்பதை அங்கே 'ஜாப் லாக்' என்கிறார்கள். வேலைப்பூட்டு என்று சொல்லலாம். நிறுவனக் காப்பீடு இருப்பவர்கள் தாமாக வேலையை விடுவது இந்தப் பூட்டினால் சுமார் 25 சதவீதம் குறைகிறது என்பது அவர் கணக்கு. பிறகு வந்த ஆய்வுகளில் சில அந்த எண்ணைக் குறைத்தன, சில மறுத்தன. ஆனால் சொல் நிலைத்துவிட்டது, ஏனென்றால் அனுபவம் எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தது.

*

இனி நம் பக்கம். இந்தியாவில் குழுக் காப்பீடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், அதில் அழகான ஒரு விஷயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அறுபத்தைந்து வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒரு அம்மாவுக்குத் தனியாகப் பாலிசி எடுக்கப் போனால் படிவமே அரைநாள் ஆகும். மெடிக்கல் டெஸ்ட் கேட்பார்கள். மறுத்தாலும் மறுப்பார்கள். கொடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதன் உச்ச அளவை நான்கு வருடத்திலிருந்து மூன்று வருடமாகக் குறைத்தது. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு மூன்று வருடம் என்பது சின்ன அளவில்லை. அதே அம்மா, மகனோ மகளோ ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால், போர்ட்டலில் பெயரும் பிறந்த தேதியும் போட்ட உடனே காப்பீட்டுக்குள் வந்துவிடுகிறார். பெரும்பாலான பெரிய குழுப் பாலிசிகளில் காத்திருப்பு கிடையாது, பரிசோதனை கிடையாது. இ-கார்டு மின்னஞ்சலில் வந்துவிடும்.

இது எப்படிச் சாத்தியம்? முதலாளியின் பெருந்தன்மை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அதே குழுவில் இருக்கும் இருபத்து நான்கு வயதுக்காரன். அவன் ஆஸ்பத்திரிக்குப் போனதே ஒருமுறை பைக்கிலிருந்து விழுந்தபோதுதான். அவனுக்காகக் கட்டிய பிரீமியம் பெரும்பாலும் அவனுக்குச் செலவாகாது. யாரோ ஒருவரின் அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவைச் சிகிச்சையாக அது போய்ச் சேர்கிறது. அந்த அம்மாவின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. உடம்பு நன்றாக இருப்பவர்கள் இல்லாதவர்களைத் தாங்கும் ஒரு ஏற்பாடு, யாரும் தர்மசிந்தனையோடு செய்யாமலே, ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. குழுக் காப்பீட்டில் அறம் என்று ஏதாவது இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு எல்லை உண்டு. அது சம்பளப் பட்டியல். அதில் பெயர் இருக்கும்வரை உள்ளே, எடுத்தால் வெளியே. பெரும்பாலான பாலிசிகளில் கடைசி வேலைநாளோடு கார்டு செத்துவிடும்.

*

ஒரு நண்பனின் கதையைச் சொல்கிறேன். நல்ல புரோகிராமர். அவனோடு முன்பு வேலை பார்த்த மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன நிறுவனம் ஆரம்பித்தார்கள். இவனைக் கூப்பிட்டார்கள். இவன் பத்து வருடமாகச் செய்ய ஆசைப்பட்ட வேலை. சம்பளமும் குறைவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றவன் இரண்டு வாரம் கழித்து, "முடியாதுடா" என்றான்.

"ஏன்டா, பணம் பத்தலையா?"

"பணம் பிரச்சினை இல்ல மச்சி. அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு டயாலிசிஸ். அவங்க ஏழு பேர் கம்பெனி. அவங்க எடுக்கிற பாலிசில பேரன்ட்ஸ் வரமாட்டாங்க. வெளிய தனியா எவன்டா குடுப்பான்?"

அவன் சொன்னதில் முக்கியமான வார்த்தை 'பணம் பிரச்சினை இல்ல' என்பது. சம்பளம் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருள். ஒரு நிறுவனம் பத்து லட்சம் தந்தால் இன்னொன்று பன்னிரண்டு தந்து இழுக்கலாம். பணத்தைப் பணத்தால் ஈடுசெய்ய முடியும். காப்பீடு அப்படியில்லை. வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பவருக்கு அது ஒரு பிளாஸ்டிக் கார்டு. வீட்டில் நோயாளி இருப்பவருக்கு அதன் மதிப்பு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும். அதாவது, யாருக்கு அது மிகவும் தேவையோ அவரைத்தான் அது மிகவும் இறுக்கிப் பிடிக்கும். வெளியே அதே பொருளை விலைக்கும் வாங்க முடியாது என்பதால் பிடி இன்னும் இறுகும்.

இன்னொரு கோணலும் இருக்கிறது. நோய் முதலில் பறிப்பது எதை? வேலையை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் லீவு தீர்கிறது, கவனம் சிதறுகிறது, ரேட்டிங் இறங்குகிறது. நமக்கே நோய் வந்தால் சொல்லவேண்டியதில்லை. நோயிலிருந்து காப்பாற்றுவதற்கான பொருளை, நோய் வந்தால் முதலில் ஆட்டம் காணும் பொருளோடு கட்டிவைத்திருக்கிறோம். வெள்ளத்துக்காக வாங்கிய படகை ஆற்றங்கரை மண்சுவரில் கட்டிவைப்பது மாதிரி.

*

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நான் கடன்பட்டிருக்கிறேனா?

தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக்கடன். அந்தச் சொல்லைக் கேட்டதும் கர்ணன்தான் நினைவுக்கு வருவான். அலுவலகப் பேச்சிலும் இது வேறு வேஷத்தில் வரும். "உங்க அப்பா ஆபரேஷன் அப்போ கம்பெனி எவ்வளவு பண்ணுச்சு, இப்போ விட்டுட்டுப் போறீங்களே" என்று மேனேஜர் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டவருக்கு முகம் வாடிவிட்டது.

கர்ணன் கதையை ஒழுங்காகப் பார்த்தால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. அவனுக்குக் கதவு திறந்திருந்தது. போருக்கு முன்னால் கிருஷ்ணன் வந்து பிறப்பு ரகசியத்தைச் சொல்லி அழைக்கிறான். குந்தியே வந்து அழைக்கிறாள். பாண்டவர்களில் மூத்தவனாகவே போயிருக்கலாம். போகும் வழி இருந்தும் போகாமல் நின்றான். அதனால்தான் அதைக் கடன் தீர்த்தல் என்கிறோம். கவச குண்டலத்தைத் துரியோதனன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்து, அதனால் கர்ணன் அங்கேயே இருந்திருந்தால், அதை நன்றி என்று யாரும் பாடியிருக்க மாட்டார்கள்.

என் நண்பன் அந்த நிறுவனத்தில் இன்னும் இருக்கிறான். அவன் பக்கத்து மேஜையில் ஒரு பெண் இருக்கிறார். அவருக்கு அந்த வேலை நிஜமாகவே பிடிக்கும். வருடக் கடைசியில் ஹெச்.ஆர். டாஷ்போர்டில் அட்ரிஷன் விகிதம் வரும்போது இரண்டு பேரும் ஒரே எண்ணாக விழுவார்கள். இருக்கப் பிடித்து இருப்பவரையும் போக முடியாமல் இருப்பவரையும் அந்த எண் பிரித்துக் காட்டாது. எண் குறைந்தால் வெற்றி என்று கைதட்டுவார்கள்.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மாஸ் 1925இல் வந்த, கொடை பற்றிய தன் கட்டுரையில், கொடுப்பது, பெறுவது, திருப்பித் தருவது என்ற மூன்று கடமைகளைப் பற்றிப் பேசுகிறார். அந்தக் கட்டுரையின் முடிவில் அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ஒன்று, அப்போது பிரான்சில் விவாதத்தில் இருந்த சமூகக் காப்பீடு. அவர் பார்வையில் தொழிலாளி ஏற்கெனவே கொடுத்தவன். தன் உழைப்பையும் வாழ்நாளையும் சமூகத்துக்கும் முதலாளிக்கும் கொடுத்துவிட்டான். கூலி அதை முழுதாக அடைக்கவில்லை. ஆகவே நோயிலும் முதுமையிலும் அவனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, திருப்பித் தரப்படும் பாக்கி. நாம் இதைத் தலைகீழாகப் பழகியிருக்கிறோம். வரவேண்டிய பாக்கியை வாங்கிக்கொண்டு, கடன் வாங்கியவர் மாதிரிக் கூனிக்கொண்டு நிற்கிறோம்.

*

"அப்படியானால் நிறுவனங்கள் காப்பீடே தரக்கூடாதா? கொடுப்பதும் தப்பு என்றால் என்னதான் செய்யச் சொல்கிறாய்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தராத நிறுவனத்தைவிடத் தருகிற நிறுவனம் மேல்தான். என் நண்பனின் அப்பா உயிரோடு இருப்பது அந்தக் கார்டால் என்பதும் உண்மை.

இதற்குப் பதில் யோசிக்கும்போது எனக்குத் தேயிலைத் தோட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்களுக்கு வீடும் மருத்துவ வசதியும் முதலாளி தரவேண்டும் என்றது. மலைமேல் வேறு எதுவும் இல்லாத இடத்தில் அது தேவையான சட்டம். வீடு இருந்தது, தலைமுறைகள் வளர்ந்தன. ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டிய வீடு. மாஞ்சோலையில் தோட்டத்தின் 99 வருடக் குத்தகை 2028இல் முடிகிறது என்ற நிலையில், 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேலையோடு சேர்ந்து ஊரும் போகிறது என்பது அப்போதுதான் முழுதாக உறைத்தது. வீடு கொடுத்தது தவறில்லை. அந்த வீட்டைத் தவிர வேறு வீடே இல்லாமல் இத்தனை வருடம் போனதுதான் தவறு. அதில் முதலாளிக்குப் பங்கு உண்டு, அரசுக்கு இன்னும் பெரிய பங்கு.

ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்தையும் மலைத்தோட்டத்து லயத்தையும் ஒரே தராசில் வைக்கமுடியாது. சம்பளமும் சுதந்திரமும் வேறு. ஆனால் முடிச்சின் வடிவம் ஒன்றுதான்.

அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளேயே இன்னொரு கார்டு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தரை துடைக்கும் அக்காவும் செக்யூரிட்டி அண்ணனும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். அவர்களுக்கு இ.எஸ்.ஐ. நாம் அதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்போம். டிஸ்பென்சரியில் நீண்ட வரிசை, மருந்து இல்லை என்ற பதில் எல்லாம் உண்மைதான். ஆனால் 1948இல் எழுதிய அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏற்கெனவே நோய் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போகாத நாட்களுக்கு, வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தருகிறது. 73ஆம் பிரிவு, தொழிலாளி நோய்க்கால உதவித்தொகை பெறும் காலத்தில் முதலாளி அவரை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்றது. ஐந்து வருடமாவது காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர் வருடம் 120 ரூபாய் கட்டினால் அவரும் அவர் துணையும் சிகிச்சையைத் தொடரலாம். நோய் வந்தால் வேலை போகும், வேலை போனால் சிகிச்சை போகும் என்ற சங்கிலியை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பார்த்திருக்கிறார்கள். நம்முடைய பளபளப்பான இ-கார்டில் அந்தப் பார்வை கிடையாது.

இ.எஸ்.ஐ.யின் கதவும் எல்லோருக்கும் திறப்பதில்லை. 2017 ஜனவரியில் மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய் ஆனது. தமிழக முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். ஒரு சின்னக் கம்பெனியில் 25,000 ரூபாய் வாங்குகிறவர் இரண்டுக்கும் வெளியே. ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீட்டை வருமான வரம்பில்லாமல் 70 வயது ஆனவர்களுக்கு விரித்தது. அது பெரிய விஷயம். ஆனால் பெற்றோர் அறுபதுகளில் இருக்கும் அந்தப் பத்து வருடம், பெரிய நிறுவனத்தின் சம்பளப் பட்டியல்தான் பலருக்கும் ஒரே கூரை.

கூரைக்குள்ளும் இடம் அளந்துதான். காப்பீட்டு போர்ட்டலில் 'பெற்றோர்', 'மாமனார்–மாமியார்' என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பல இடங்களில் அது ரேடியோ பட்டன். செக்பாக்ஸாக இருந்தால் இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம். ரேடியோ பட்டனில் ஒன்றை அழுத்தினால் மற்றது அணைந்துவிடும். நான்கு பேரில் மிகவும் உடம்பு முடியாத இருவராகப் பார்த்துப் பொறுக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் காப்பீட்டு நிறுவனம் வைத்த விதி. கணக்குப்படி அதில் நியாயம் இருக்கலாம். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், கணவருக்கு அப்போது வேலை இல்லாத சமயம், மாமியார் கூடவே இருப்பதால் அந்தப் பட்டனை அழுத்தினார். "எங்கம்மா திருநெல்வேலில தனியா இருக்காங்க. அவங்க பேர் கிரே ஆகுறதப் பாத்துட்டே இருந்தேன்" என்றார். அதற்குப் பிறகு எந்தத் திரையிலும் ரேடியோ பட்டன் வைக்கும்போது எனக்குக் கை ஒரு நொடி நிற்கிறது.

*

ஒரு நிறுவனத்தின் அக்கறையை எங்கே அளப்பது என்று இப்போது எனக்கு ஓரளவு தெளிவாக இருக்கிறது. வெளியே போகிற இடத்தில்.

கடைசி வாரத்தில் ஒரு செக்லிஸ்ட் வரும். லேப்டாப், ஐ.டி. கார்டு, நோ டியூஸ், எக்ஸிட் இன்டர்வியூ. குழுக் காப்பீட்டிலிருந்து விலகுகிறவர், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என்றும், குழுவில் இருந்த காலம் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும் என்றும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளில் வழி இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் பரிசீலித்துத்தான் தரும், பிரீமியமும் கூடும்; இருந்தாலும் அது ஒரு கதவு. அந்த ஒரு வரியை செக்லிஸ்ட்டில் சேர்க்க எந்த நிறுவனத்துக்கும் ஒரு பைசா செலவாகாது. நான் கைமாறிப் பார்த்த செக்லிஸ்ட் எதிலும் அந்த வரி இல்லை. லேப்டாப் சார்ஜருக்குத் தனி வரி இருந்தது.

அமெரிக்காவில் 1986இல் கையெழுத்தான கோப்ரா சட்டப்படி, வேலையை விட்டவர் முழுப் பிரீமியத்தையும் தானே கட்டிப் பழைய குழுக் காப்பீட்டில் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். விலை அதிகம், குறைகள் உண்டு. ஆனாலும் போகிறவரைப் பற்றி யாரோ யோசித்ததன் அடையாளம் அது. இங்கே சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் ஒரு நிறுவனம் தன் பாலிசியில் இதைப் பேசி வாங்கலாம்: போகிறவரின் பெற்றோருக்கு, அவர் செலவிலேயே, ஒரு வருடம். அப்படிச் செய்யும் நிறுவனத்தில் சிலர் வேலையை விடுவார்கள். மீதி இருப்பவர்கள் இருக்கப் பிடித்து இருப்பார்கள். ரிட்டென்ஷன் என்ற எண்ணுக்கு அப்போதுதான் ஒரு அர்த்தம் வரும்.

கடன் கேள்விக்கு என் பதிலையும் சொல்லிவிடுகிறேன். முதலாளிக்கு நான் தரவேண்டியது வேலை. அதை மாதாமாதம் தருகிறேன். கடன் இருப்பது பைக்கிலிருந்து விழுந்த அந்த இருபத்து நான்கு வயதுக்காரனிடம். அவன் பங்கு என் வீட்டுக்கு வந்திருக்கிறது. அவனுக்கும் ஒருநாள் அப்பா அம்மாவுக்கு வயதாகும். அன்றைக்கு அவன் எந்தக் கம்பெனியில் இருந்தாலும், எதிலுமே இல்லாவிட்டாலும், என் பங்கு அவனுக்குப் போய்ச் சேரும்படி ஒரு ஏற்பாடு இருந்தால் அந்தக் கடன் அடையும். வரியாகவோ சந்தாவாகவோ அதற்குக் கொடுக்க நான் தயார். இப்போதைக்கு, நாங்கள் இருவரும் ஒரே சம்பளப் பட்டியலில் இருக்கும்வரைதான் எங்களுக்குள் இந்த உறவு. அவன் போன மாதம் பேப்பர் போட்டுவிட்டான்.